படிக்கப் போனவர்

டாக்சி ஓட்டுநர் குசகாபே இருந்த இடத்திலிருந்தே விசையை இழுத்தார். பின்கதவு தானாகத் திறந்தது. எழுபதைத் தாண்டிய தோகியே என்ற பெண்மணி ஏறி உட்கார்ந்தாள்.

"மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போங்க. என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரணும்."

"பேராசிரியருங்களா?"

"நீங்க வேற! பள்ளிக்கூடத்தோட படிப்பை நிறுத்தினவரு. வயசான காலத்துல, பல்கலைக்கழகத்துக்குள்ள போயே தீருவேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நான்தான் சம்மதம்னு என் பேர் முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். மூணு வருஷமாச்சு, வீட்டுப் பக்கமே வரலை."

"ஒரு போன்கூட இல்லையா? நல்ல மனுஷன்மா!"

"அவரைத் திட்டாதீங்க. இன்னும் தினமும் அவருக்கும் ஒரு கிண்ணம் சோறு வைக்கிறேன்."

பல்கலைக்கழக வாசலில் கறுப்பு உடையில் மாணவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். ஒரு மாணவி, வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திப் பெட்டியை இரு கைகளிலும் ஏந்தி வந்தாள்.

"தன் உடம்பையே எங்க படிப்புக்குக் கொடுத்தாரும்மா. நாங்க டாக்டராகறோம்னா இவராலதான்."

தோகியே பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"படிச்சது போதுங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

குசகாபே இந்த முறை விசையைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து, கதவைக் கையால் திறந்துவிட்டார்.