லாபம், ரெண்டு, மூணு

பக்கவாதத்தில் விழுந்த எஞ்சினியர் உமாபதிக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்க, வாரம் ஒருமுறை நர்ஸ் தெரேஸ் வருவாள். தமிழ் அறியாத மான்ட்ரியல்காரி.

அன்று அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையை மெல்லத் தூக்கச் சொன்னாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

நான்கு மாதமாக அசையாத கை லேசாக எழும்பியது. உமாபதி எண்ணியவளை நிமிர்ந்து பார்த்தார். அரிசி அளக்கும்போது 'ஒண்ணு' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவது அவர் மனைவி அனுசூயாவின் வழக்கம்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?" ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்க மனைவிதான். போன வாரம் நான் கிளம்பும்போது சமையலறை வாசல்ல நின்னாங்க. இப்படி எண்ணினாத்தான் உங்க கை கேக்கும்னாங்க."

உமாபதி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வேற யாராவது இருக்கும்."

"இல்லையே, இவங்கதான்." தெரேஸ் சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். "எனக்குப் பொறாமையா இருக்கு, மிஸ்டர் உமாபதி. பெண்டாட்டி படத்துக்கு மாலை போட்டு வைக்கிற புருஷனை நான் பார்த்ததே இல்லை!"