விட்டுப்போன பாடம்

"அண்ணி, நீங்க வெளியில பெஞ்சுலயே உட்காருங்க. நான் பேசிட்டு வந்துடறேன்."

"நல்லா இருக்கே! இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்ல உட்காரவா?" என்ற அண்ணி, கொழுந்தனுக்கு முன்னால் அதிகாரியின் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியாரான அவர் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார். கிளம்ப மாட்டேன் என்று ஒரு வாரமாகவே சாக்குப்போக்குச் சொன்னவர். பழைய மாணவியிடம் போய்க் கைகட்டி நிற்கக் கூச்சம் போலிருக்கிறது என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

பாடநூல் அதிகாரி பதறி எழுந்தாள். "சார்! நீங்களா! உட்காருங்க சார். உங்ககிட்ட படிச்சதாலதான் எனக்கு இந்த நாற்காலியே."

அண்ணிக்கு உச்சி குளிர்ந்தது. "கேட்டீங்களா தம்பி? இனி நம்ம காரியம் நடந்த மாதிரிதான். சொல்லுங்க."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சே, இந்த மனுஷனோடு வந்து மானம் போகிறதே என்று அண்ணிக்கே வெட்கமாகிவிட்டது. அவளே ஆரம்பித்தாள்.

"ஏம்மா, புது சரித்திரப் புத்தகத்துல மில்லு வாசல்ல சுட்ட பாடத்தைக் காணோமாமே? கூலி கேட்டு நின்னவங்களைச் சுட்டாங்க. செத்ததுல என் வீட்டுக்காரரும் ஒருத்தர். இவரோட கூடப்பிறந்த அண்ணன். இப்போ தெருவுல, திருடப் போய்ச் செத்தான்னு வாய் கூசாம பேசறாங்கம்மா."

"எந்த மில்? நம்ம ஸ்கூலைக் கட்டிக்கொடுத்தாங்களே, அந்த மில்லா? அங்கே சுட்டாங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறே! வருஷா வருஷம் இவர் நடத்தின பாடமாச்சே? வீட்டுக்கு வந்து, 'பிள்ளைங்க அழுதுடுச்சுங்க அண்ணி'ன்னு சொல்வாரே!"

"எனக்குத் தெரியவே தெரியாதேம்மா."

"அண்ணி, போயிடலாம்" என்றார் வாத்தியார்.

"சும்மா இருங்க தம்பி!"

அதிகாரி அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். "சார் நடத்தின புத்தகம்மா. இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன். சார் சொல்லிக்கொடுத்த பாடத்துல ஒண்ணுகூட விட்டுடக் கூடாதுன்னு, இதைப் பார்த்துத்தான் புதுசுக்குப் பாடமெல்லாம் எடுத்தேன். நீங்க சொல்றது இதுல இல்லையே."

ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினாள். படிக்கத் தெரியாத அண்ணி எட்டி எட்டிப் பார்த்தாள். நடுவில் நாலைந்து தாள்கள் சேர்ந்து அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன.

"இது என்னம்மா, ஒட்டிக்கிச்சா?"

"இதுவா! பரீட்சைக்கு வராதுன்னு, ஸ்கூல் திறந்ததுமே சார் எல்லாரையும் பசை கொண்டு வரச் சொல்லி, பக்கத்துலயே நின்னு ஒட்ட வெச்சார்." அதிகாரி சிரித்தபடி வாத்தியார் பக்கம் திரும்பினாள். "இதுக்குள்ளே என்ன சார் இருந்துச்சு?"