நம்ப முடியாத வரி

மாதா கோயிலின் பங்கு மலருக்கு யூஜினி எழுதிய கதையை மெற்றில்டா ரீச்சர் வாசித்து முடித்தார்.

"நல்ல கதை, யூஜினி. ஆனா இந்த வரியை நம்ப ஏலாது. 'உமக்கு எழுத்து வராது, போய் மீன் கழுவும்' எண்டு, ஞாயிறு பூசைக்கு வாற ஒருத்தி இன்னொருத்திக்கு எழுதிக் குடுப்பாளா? வெட்டிவிடும்."

யூஜினி தயங்கியபடி பையிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்தாள்.

"பதினொரு வருசத்துக்கு முந்தி உங்களிட்டத் தந்த கட்டுரை, ரீச்சர்."

அடியில், சிவப்பு மையில் அதே வரி. ரீச்சரின் கையெழுத்து.

எழுதியது அவருக்கு நினைவிலேயே இல்லை. அதுதான் அதிகம் சுட்டது. தலை நிமிர முடியவில்லை.

"வேணுமெண்டா வெட்டுறன், ரீச்சர்."

"வேண்டாம், பிள்ளை. வரி இருக்கட்டும்." ரீச்சர் தாளைத் திருப்பி நீட்டினார். "அதை எழுதினவளின்ர பேரையும் போடும்."