அடியில் இருந்த எண்

“பிள்ளைய ஆன்டிகிட்ட குடுங்க, டின்ன என்கிட்ட குடுங்க,” என்று பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டிவிட்டு, கல்லாவுக்கு மேலாகக் கையை நீட்டினார் சிவநேசன்.

மலர்விழி பிள்ளையைக் கொடுக்கவில்லை. டின்னை மட்டும் நீட்டினாள். தோளில் கிடந்த நான்கு மாதப் பெண் குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

மலேசியாவில், கிள்ளானில் இருந்த அந்த மளிகைக் கடையில் காலையிலிருந்தே கூட்டம். ஒரு பால் மாவுக் கம்பெனி, குறிப்பிட்ட இரண்டு தொகுதி எண்கள் போட்ட சரக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தது. அதில் ஏதோ கிருமியாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை ஒரு வேளை குடித்தாலும் ஆபத்தாம்.

சீனப் பெருநாளுக்குப் பிறகு சிவநேசனின் கடைக்கு லோரியில் வந்து இறங்கிய டின், பாக்கெட் எல்லாமே அந்த இரண்டு எண்கள்தாம். செய்தி வந்த அரை மணி நேரத்தில் அவர் அலமாரியைக் காலி செய்துவிட்டார். இரண்டு எண்களையும் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினார். தெரிந்த வாடிக்கையாளர்களை அவரே போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

“பாதிப் பாக்கெட்டு முடிஞ்சிருச்சு, என் பேரனுக்கு ஒண்ணும் ஆகலியே,” என்றார் முன்னால் நின்ற கன்னையா. “நாங்கல்லாம் எஸ்டேட்டு ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவங்க லா.”

“நீங்க குடிச்சீங்க அங்கிள், சரி. உங்க பேரன் எந்த ஆத்துல குடிச்சான்?” என்றாள் சிவநேசனின் மனைவி சந்திரகலா. பேசிக்கொண்டே அவர் கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பெட்டியில் போட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மலர்விழிக்குச் சிரிப்பு வரவில்லை.

“காலையில வாட்சாப்புல பாத்ததுலேர்ந்து இவளுக்குப் பால் கலக்கவே இல்லண்ணே. வெறும் சுடுதண்ணிதான். காப்பார்லேர்ந்து பஸ்ல அழுதுக்கிட்டே வந்தா. பக்கத்துல ஒரு அக்கா, ‘நீயெல்லாம் ஒரு அம்மாவா’ன்னு கேட்டுட்டாங்க.” அவள் ஒரு கையாலேயே மூடியைத் திறந்து, மாவைக் காட்டப் போனாள். “கொஞ்சம் பாருங்கண்ணே.”

சிவநேசன் மூடியை அழுத்தி மூடினார். “மாவப் பாத்தா டாக்டருக்கே தெரியாதும்மா. அடியில நம்பர் இருக்கும். அதுதான் சொல்லும்.”

டின்னைக் கவிழ்த்தார். விளிம்பைச் சுற்றித் துரு ஏறியிருந்தது. தேதி போட்ட இடம் தேய்ந்து ஒன்றும் தெரியவில்லை. எண் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். கதவில் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டார். மறுபடியும் படித்தார்.

“கலா, நீயும் ஒரு தடவ பாரு. என் கண்ணு மேல நம்பிக்க இல்ல.”

சந்திரகலா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இல்லங்க. ரெண்டு நம்பருமே இல்ல.”

“அந்தச் சரக்கு இல்லம்மா இது. பயப்படாதீங்க,” என்றார் சிவநேசன்.

மலர்விழி பக்கத்திலிருந்த அரிசி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“எதுக்கும் வேற கம்பெனிப் பாக்கெட்டு ஒண்ணு சும்மாவே குடுத்து அனுப்பலாங்க,” என்று சந்திரகலா அலமாரியை எட்டினாள்.

“வேற மாத்துனா கக்கிடுவா ஆன்டி,” என்றாள் மலர்விழி.

“அதான் நல்ல சரக்குன்னு தெரிஞ்சிருச்சே. ஒத்துக்கிட்டத எதுக்கு மாத்தணும்?” என்றார் சிவநேசன்.

“சரி, அப்ப கம்பெனி ஃபார்ம எழுதிடுங்க. வரவங்க எல்லாருக்கும் எழுதச் சொல்லியிருக்காங்க இல்ல?”

“ஃபார்ம் எங்கயும் ஓடிடாது. புள்ள பசியில துடிக்குது. மொதல்ல சுடுதண்ணி கொண்டா.”

சந்திரகலா உள்ளேயிருந்து ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்தாள். மலர்விழி பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூன்று கரண்டி மாவு போட்டாள். சூடு ஆறும்வரை சிவநேசனே பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

குழந்தை வாய் வைத்தது. கடையில் அழுகை நின்று, உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“பாத்தீங்களா, பசிதான். வேற ஒண்ணும் இல்ல,” என்றார் கன்னையா. 

பாட்டில் முழுவதும் முடிந்தது. குழந்தை கண்ணைச் செருகிக்கொண்டு தூங்கிப்போனது.

சிவநேசன் கம்பெனி அனுப்பிய ஃபார்மை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெயர், போன் நம்பர், டின்னில் இருந்த எண், எல்லாவற்றையும் அடித்தல் இல்லாமல் எழுதினார்.

“ஒரே ஒரு கட்டந்தான் பாக்கி. எப்பம்மா வாங்குனீங்க இத? சீனப் பெருநாளுக்கு முன்னாடிதானே?”

மலர்விழி குழந்தையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள்.

“டின்னு பெரியவன் குழந்தையா இருந்தப்ப வாங்குனதுண்ணே. போன வாரம் உங்ககிட்ட வாங்குன பாக்கெட்டத்தான் காலையில பிரிச்சு அதுல கொட்டுனேன்.”