ஆன்மேரி பார்த்த மதுரை

"இவரு நாகமலை ஏறப்போறாரா? என்ன சார் சொல்றீங்க?"

தமிழ்வாணி மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. ஞாயிறுதோறும் மலையேறும் குழுவுக்குத் தலைவரான சூரியபிரகாஷ் நெளிந்தார்.

கோச்சடையிலிருந்து வந்திருந்த ஞானமுத்துவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மிஷன் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். மனைவி ஆன்மேரியின் தோளைப் பிடித்தபடி நின்றார்.

"ஏறிருவேம்மா, வாங்க!" என்று சிரித்தார்.

ஆன்மேரி மலையை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"வீட்டம்மாவுக்கு ஊர் பாக்க ஆசை போல" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

விடியற்கால மங்கலிலேயே ஏறத் தொடங்கினார்கள். முள்ளுப் புதர், உருளும் சரளை, அதற்கு மேல் செங்குத்துப் பாறை.

"வலது காலை மேல வைங்க. ம்... கைக்கு நேரா ஒரு பிளவு இருக்கு, பிடிங்க."

ஆன்மேரி குரல் கொடுக்கக் கொடுக்க அவர் ஏறினார்.

திடீரென்று அவர் கால் வழுக்கியது. ஒரு கல் தடதடவென்று கீழே உருண்டது. சூரியபிரகாஷ் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். முழங்கால் சிராய்த்து ரத்தம்.

தமிழ்வாணி வெடித்துவிட்டாள்.

"அக்கா, பாக்கணும்னா நீங்க மட்டும் வந்திருக்கலாம்ல? மேல போயி சார் எதைப் பாக்கப்போறாரு? உங்க ஆசைக்கு இவரை ஏன் இம்புட்டு வதைக்கிறீங்க?"

ஆன்மேரியின் கண் நிறைந்துவிட்டது.

"இறங்கிடுவோமாங்க?"

"இன்னும் எம்புட்டு தூரம் சார்?" என்றார் ஞானமுத்து.

"இந்தப் பாறைதான் கடைசி."

"அப்ப விடுவேனா!"

மேலிருந்து இருவர் இழுக்க, கீழிருந்து தமிழ்வாணியே அவர் பாதத்தைப் பிடித்துப் பாறைப் பள்ளத்தில் வைத்தாள். ஒரு எம்பு. உச்சி!

காற்று ஆளைத் தள்ளியது. யானைமலைக்கு மேல் சூரியன் அப்போதுதான் தலைகாட்டினான். கண்மாய்களில் நீர் பளபளத்தது. பச்சை வயல், தென்னந்தோப்பு, தூரத்தில் கோபுரங்கள்... மொத்த மதுரையும் காலடியில்.

"ஹோய்ய்ய்!" குழுவே கத்தியது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் ஞானமுத்து.

ஆன்மேரி மூச்சிரைக்க அவர் பக்கத்தில் வந்தாள்.

"என்னங்க, கிழக்க யானைமலை. அதுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய கண்மாய், அதுல..."

அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு தமிழ்வாணியின் குரல் கேட்ட பக்கம் திரும்பினார்.

"இவளைத் திட்டாதீங்கம்மா. தினமும் மாடியில நின்னு இந்த மலையைப் பாத்துப் பெருமூச்சு விடுவா. போயிட்டு வான்னா, என்னை விட்டுட்டுப் போகமாட்டா. அதான், எனக்கு ஏறணும்னு அடம்பிடிச்சு நான்தான் இவளைக் கூட்டிட்டு வந்தேன்."

தமிழ்வாணி நகர்ந்து வந்து ஆன்மேரியின் தோளைத் தொட்டாள்.

ஞானமுத்து மனைவியின் கையை மெல்ல அழுத்தினார்.

"கல்யாணமானதுல இருந்து எதைப் பாத்தாலும் எனக்குச் சொல்றதுக்காகவே பாக்குற, மேரி. இன்னிக்கு ஒண்ணும் சொல்லாத. உனக்காகப் பாரு."