நாங்க

"நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றாள், கணவனைப் பார்த்து.

அவன் என் பக்கம் திரும்பினான். "கேட்டீங்களா மேடம்? இதத்தான் சொன்னேன். நாங்க சாப்பிட்டாச்சு, நாங்க தூங்கப் போறோம்... வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. என்னை விட்டா இவ ஒருத்திதான். அப்புறம் யாரு அந்த நாங்க?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவனிடம் பேசும்போது அவள் 'நாம' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

என் அறை வாசலில் 'ஒருங்கிணைந்த உளச் சிகிச்சை' என்று பலகை தொங்குகிறது. அதைப் படித்துவிட்டு ஊசி உண்டா என்று கேட்டவர்கள் உண்டு. பெயர்தான் பெரிசு, விஷயம் எளிது. ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் அதற்குள் திணிக்காமல், வந்தவருக்கு எது பொருந்துமோ அதை எடுக்க வேண்டும். சிலருக்கு ஒரு நினைப்பை மாற்றிப் பார்த்தால் போதும். சிலர் சின்ன வயசுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். சிலருக்கு வாய் பேசாது, தோளும் கழுத்தும் பேசும்.

இந்த இருவரிடம் எதுவும் செல்லுபடியாகவில்லை. மனசில் இருப்பதை வரையச் சொன்னேன், வெற்றுத் தாள் வந்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன், அவன் குறட்டை விட்டான்.

அவன் லிப்ட் பழுது பார்ப்பவன். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும்வரை வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். நிறுத்தினால் உள்ளே இருப்பவர் பயந்துவிடுவார். வீட்டிலும் ஒன்றரை வருஷமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறான். விலைவாசி, மேலதிகாரியின் விக், பக்கத்து வீட்டுப் பூனை. உள்ளேயிருந்து பதில்தான் வரவில்லை.

அவள் பழையபடி பேச வேண்டும். அவன் கேட்பது அவ்வளவுதான். கல்யாணமான புதிதில், அவள் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட இருவருக்கும் தெரியாதாம். அதை அவன் சொல்லும்போது எனக்கே ஏக்கமாக இருக்கும்.

அடுத்த வாரம் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. போனால் திரும்பி வரமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

அதனால் இன்று படித்ததையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"நாங்கன்னா யாரும்மா?"



அவள் சோபாவின் ஓரத்தில் ஒண்டியிருந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம். எப்போது வந்தாலும் அப்படித்தான். அதைக் கோபம் என்று முதல் நாளே முடிவுகட்டியிருந்தேன். நான் படித்த படிப்பு அப்படி.

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கூடப் பேச வேணாம். பக்கத்துல உக்காரவாவது விடு" என்று நகர்ந்தான்.

அவள் கை குறுக்கே வந்து நடு இடத்தை மறைத்தது.

"அங்க உக்காராதீங்க."

கத்தவில்லை. தூங்குகிற யாரையும் எழுப்பிவிடாத குரலில், மெல்லச் சொன்னாள்.

எனக்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்தான். பிறகு அந்தக் காலி இடத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முதல் நாள் 'குழந்தைங்க?' என்று நான் கேட்டதும், அவள் வாயைத் திறப்பதற்குள் 'இல்ல மேடம்' என்று அவன் முந்திக்கொண்டது இப்போது நினைவுக்கு வந்தது.

"ஏழாம் மாசம்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "வயித்துலயே போயிடுச்சு. இவ மட்டும்தான் பாத்தா. நீ பாக்க வேணாம்னு எங்கிட்ட எல்லாரும் சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். அந்தப் பேச்சையே எடுக்கலன்னா இவ மறந்துருவான்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. கையையும் எடுக்கவில்லை.

இந்த மாதிரி நேரத்துக்கென்று என்னிடம் இரண்டு மூன்று நல்ல வாக்கியங்கள் உண்டு. தொண்டைவரை வந்துவிட்டன. நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டேன்.

அவன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். ஏதோ கேட்க வந்து விழுங்கினான். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினான். கடைசியில் கேட்டே விட்டான். குழந்தை பார்க்க வருகிற யாரும் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுகிற சாதாரணக் கேள்வி. இவளிடம் மட்டும் இதுவரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"யாரு ஜாடை?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மூக்கு அப்படியே உங்க மூக்கு" என்றாள். "பொண்ணுக்குப் போய் அந்த மூக்கு."