பூதத்தின் முன்பல்

குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்றை வரையும் மேசை அது. அணில்குட்டி ஒன்று குகை வாசலில் நிற்க, உள்ளேயிருந்து பூதம் எட்டிப் பார்ப்பதாகப் பென்சில் வரைந்து முடித்தது. பூதத்தின் பற்களைப் பார்த்ததுமே ரப்பர் உருண்டோடி வந்தது.

"பென்சில் அண்ணே, பிள்ளைங்க பயந்து அழும். பல்லை எடுத்துடறேன்."

"பல்லே இல்லைன்னா அணில் எதுக்குடா ஓடும்?"

ரப்பர் கேட்டால்தானே! பற்களைத் தேய்த்தது. வெறும் வாய் கிணறு மாதிரி பிளந்து கிடந்தது. பதறிப்போய் வாயையும் தேய்த்தது. இப்போது கண்கள் மட்டும் முறைத்தன. அவற்றையும் விடவில்லை.

குகைக்குள் முகமே இல்லாத ஒரு தலை நின்றது. அது யாரைப் பார்க்கிறது, என்ன செய்யப்போகிறது, ஒன்றும் தெரியவில்லை. தன்னைத்தான் பார்க்கிறதோ என்று ரப்பர் பென்சிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அண்ணே, எல்லாத்தையும் திரும்பப் போட்டுடுங்க! பல்லையும்தான், சீக்கிரம்!"

பென்சில் கண்ணை வரைந்தது, வாயை வரைந்தது, பற்களை முன்பைவிடக் கூராகவே வரைந்தது. ரப்பருக்கு மூச்சு வந்தது. பிறகு மெல்ல நகர்ந்துபோய் ஒரே ஒரு முன்பல்லை மட்டும் அழித்தது.

"மறுபடியுமா?" என்றது பென்சில்.

"பார்க்கிற பிள்ளைங்களுக்கும் அங்கேதானே அண்ணே பல் விழுந்திருக்கும்."